மீசைக்கு எந்த நம்பர்?

போன மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அன்று காலையில் வார்டு ஊழியர் ஒருவர் கட்டிலருகே வந்தார். முப்பது வயதிருக்கும். நீல நிறப் பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை உறையிலிருந்து உரித்தார், போர்வையை விலக்கினார், ஒரு வார்த்தை பேசாமல் என் அடிவயிற்றில் வைத்து இழுத்தார். நான் துள்ளிவிட்டேன்.

"ஆடாதீங்கய்யா, வெட்டிரும்."

"வைக்கப்போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி ஆடப்போறேன்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக இதே வேலையைச் செய்தவன் நான் என்றேன். "இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்கு, இழுத்தா வந்திருது" என்று சிரித்தார். அதுவும் உண்மைதான். அந்தக் காலத்தில் நான் வெந்நீர் வைக்கிற நேரத்துக்குள் அவர் வேலையே முடிந்துவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் சாமானை நான் குறை சொல்லமாட்டேன், கெட்டிக்காரன் எவனோ யோசித்துச் செய்திருக்கிறான். ஆனால் போகும்போது அவர், "அப்ப நீங்க எதாலங்க எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மல்லாந்து படுத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? இப்போது வீட்டில் பாரம் தூக்காதே, குனியாதே என்று உட்கார வைத்திருக்கிறார்கள். எழுதலாம் என்று தோன்றியது.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, நடுவில் புண் கட்டுகிற மேசை. முதலில் தரை துடைத்தேன், பிறகு வெந்நீர் வைத்தேன், பிறகு பஞ்சு சுருட்டினேன், பிறகு புண் கட்டினேன். இவ்வளவும் படிக்கச் சில வருஷம் ஆனது. எழுத ஒரு வரி போதுமாக இருக்கிறது.

எங்களுக்குப் பெரியவர் அருளப்பன். ஜனங்கள் அவரை டாக்டரையா என்பார்கள். அவர் டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கிறிஸ்தவச் சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் உடம்பைத் தொட்டாலும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். "இப்ப கைய வைக்கிறேன். இப்ப ஜில்லுனு இருக்கும். இப்ப எரியும். எரிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சு." பச்சைப் பிள்ளைக்கும் சொல்வார், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடப்பவருக்கும் சொல்வார். ஒருமுறை தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் நாய்க்குக் காலில் கட்டுப் போட்டபோது அதற்கும் சொன்னார். நாய் ஆடாமல்தான் இருந்தது. நாங்கள் சொல்லாமல் தொட்டுவிட்டால் திட்டமாட்டார். மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் முத்தையா, கோபம் வந்தால் "முத்தையா சார்". அந்த சாரைக் கேட்டால் கையை எடுத்துவிட்டு, சொல்லிவிட்டு மறுபடி வைப்பேன்.

புண் என்றால் முதல் வேலை அதைச் சுற்றி மழிப்பது. சொறி பிடித்த தலை, கட்டி வந்த கழுத்து, கல் பட்ட மண்டை, எல்லாவற்றுக்கும் மழிக்க வேண்டும். மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருந்தது. கந்தப்பளைக் குளிரில் நோயாளி ஒரு பக்கம் நடுங்குவார், கத்தியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம் நடுங்குவேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் தொரை சீமைக்குத் திரும்பினார். போகும்போது உத்தியோகத்தர்களுக்கு ஆளுக்கொரு சாமான் கொடுத்தார். பெரிய கிளாக்கருக்குக் குடை, டீ மேக்கருக்கு ஒரு ஜோடி சப்பாத்து, எங்கள் ஐயாவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அவர் அதைக் கொண்டுவந்து புண் கட்டுகிற மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கும் ரேசர். மண்வெட்டி மாதிரித் தலை, அதற்குள் பிளேடு. அதைப் போல நான் கடையில் பார்த்திருக்கிறேன். ஆனால் இதன் கழுத்தில் ஒரு திருகு வளையம் இருந்தது, வளையத்தைச் சுற்றி ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர்.

"நம்பர் எதுக்குங்கய்யா?"

"எனக்கும் தெரியலிங்க. கண்டுபிடிச்சு சொல்லுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க மேல கண்டுபிடிக்காதீங்க."

அப்படியானால் மிச்சம் இருந்தது என் மூஞ்சிதான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி, ஒரு சாமான் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. ரேசரை வெளிச்சத்தில் பிடித்து வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். நம்பர் ஏற ஏற, பிளேடுக்கும் அதன் கீழே இருக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவே இடைவெளி கூடியது. ஒன்றில் பிளேடு வெளியே தெரிகிறதா என்றே சந்தேகம். ஒன்பதில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒவ்வொரு நம்பரையும் சில நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மழித்தால் கன்னத்தில் ஒன்றும் போன மாதிரியே இராது. தடவிப் பார்த்தால் பாதி மயிர் அப்படியே இருக்கும். ஐந்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஏழில் கருப்பட்டியைச் சுரண்டுகிற மாதிரிக் கரகரவென்றது. அந்தச் சத்தம் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. கண்ணாடியைப் பார்க்காமல் காதை வைத்துக்கொண்டே மழிக்கலாம். சத்தம் நின்றால் அந்த இடம் சுத்தம்.

கை பழகத்தான் நாளானது. சவரக்கத்தியைப் பிடித்த கை அழுத்தும். இதற்கு அழுத்தமே ஆகாது. கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் சும்மா பிடித்துக்கொண்டு, தலையின் பாரத்திலேயே இறங்கவிட வேண்டும். அழுத்தினால் மூன்றிலும் ரத்தம் வரும், அழுத்தாவிட்டால் எட்டிலும் வராது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் புரிந்தது. நம்பர் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது. கன்னத்துக்கு ஐந்து போதும், தாடைக்கு ஆறு, குரல்வளைக்குக் கீழே மூன்றுக்கு மேல் போகக்கூடாது. இதையெல்லாம் ஐயாவிடம் போய்ச் சொல்வேன். அவர் மருந்தைக் கலக்கிக்கொண்டே, "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்பார்.

ஒன்பது மட்டும் பாக்கி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பதைத் திருப்பி வைத்தேன். கன்னம் நன்றாகவே போனது. தைரியம் வந்து மீசையின் ஓரத்தை ஒழுங்கு செய்யலாம் என்று வைத்தேன். இடது பக்கத்தில் ஒரு துண்டு காணாமல் போனது. சரி, வலது பக்கத்தையும் அதற்குச் சமமாக்கலாம் என்று வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் குறைந்தது. அப்புறம் இடது, அப்புறம் வலது. கடைசியில் மூக்குக்குக் கீழே இரண்டு எறும்பு உட்கார்ந்த மாதிரி மிஞ்சியது. அதையும் எடுத்துவிட்டேன்.

எங்கள் ஜனத்தில் மீசைக்காரன் ஒருவன் திடீரென்று மீசையில்லாமல் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தகப்பன் தவறிவிட்டான், மகன் காரியம் செய்துவிட்டு வருகிறான். என் அப்பா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. ரேசரைப் பற்றி யோசித்துக்கொண்டே மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க பஸ் ஏறினேன். மழை தூறியதால் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு வேறு கட்டியிருந்தேன். பார்த்தவர்களுக்கு மொட்டையும் போட்டுவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் என் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை, மஸ்கெலியாவில் வாழ்க்கைப்பட்டவள், சந்தைக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"அண்ணே! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!"

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு என் மீசை ஞாபகமே இல்லை. அத்தை அழுகிறாள், அப்பாவைச் சொல்லி அழுகிறாள், அப்படியானால் நோர்வூட்டிலிருந்து அவளுக்குச் சேதி வந்திருக்கிறது என்று நினைத்தேன். "அப்பா!" என்று நானும் அழ ஆரம்பித்தேன். நான் அழுததைக் கண்டு அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். யாரோ ஒரு சிங்களப் பெரியவர் எங்களுக்கு பஸ்ஸில் இடம் விட்டுக் கொடுத்தார். நோர்வூட் வரைக்கும் அழுதுகொண்டே போனோம். எப்போது, எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நான், எனக்குத் தெரியும் என்று அவள்.

அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"யாருடா செத்தது?" என்றார் பதறிப்போய்.

அத்தை அவர் தலையைத் தடவினாள், கையைத் தடவினாள், அப்புறம் திரும்பி என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். விஷயம் தெரிந்ததும் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, பஸ்ஸுல என்னா சொல்லி அழுத?" என்று தங்கையிடம் கேட்டார்.

"போண்ணே, அதப்போயி."

"சொல்லு புள்ள. அப்புறம் சொன்னா நான் கேக்கவா போறேன்?"

அவள் வெட்கத்தோடு மெதுவாகச் சொன்னாள். "மலையில வெயிலு வந்திருச்சே அண்ணே, வேலப் பெரட்டுக்கு ஆளெல்லாம் போயிருச்சே, நீ மட்டும் எந்திரிக்கலையே..." அப்பா மிச்ச ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நல்லாத்தான் அழுவுற" என்றார்.

திங்கட்கிழமை அருளப்பன் ஐயா என் உதட்டைப் பார்த்துவிட்டு நடந்ததைக் கேட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அப்ப மீசைக்கு எந்த நம்பருங்க?" என்றார்.

"தெரியலிங்கய்யா."

"தெரியாமத்தான் இவ்வளவுமா?"

அந்தக் கேள்வி என்னோடு கிடந்தது. என் மீசை திரும்ப வளர்ந்து நன்றாகக் கறுத்த பிறகுதான் இராமையா வந்தான்.

இராமையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். என் வயதுதான் இருக்கும். தேயிலை வாது ஒன்று முறிந்து தெறித்து மேலுதட்டைக் கிழித்திருந்தது. அன்றே வரவில்லை. பெண்சாதி புகையிலையை மென்று வைத்துக் கட்டிவிட்டிருக்கிறாள். மறுநாள் பின்னேரம் வந்தபோது உதடு வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. மீசையென்றால் அப்படியொரு மீசை. ரத்தமும் புகையிலையும் மயிரும் ஒன்றாய்க் காய்ந்து பலகை மாதிரி ஒட்டியிருந்தன. ஐயா சொல்லிவிட்டுத் தொட்டு, சொல்லிவிட்டு வெந்நீர்ப் பஞ்சு வைத்து, குனிந்து பார்த்தார். மயிர் புண்ணுக்குள்ளேயே போயிருந்தது. சீழும் வைக்க ஆரம்பித்திருந்தது.

"மீசைய எடுக்கணும் இராமையா."

இராமையா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். "முடியாதுங்கய்யா. எங்கப்பா இருக்காரு."

"மேலொதட்டு வீக்கம் சும்மா நிக்காது. கண்ணுக்குப் போகும், அங்கருந்து தலைக்குள்ள போகும். ஊசி போடுறேன். ஆனா உள்ள கெடக்கிற அழுக்கு வெளிய வராம ஊசியால ஒண்ணும் ஆகாது. நுவரெலியாவுக்கு அனுப்பினாலும் அங்கயும் மொதல்ல இதத்தான் எடுப்பாங்க."

"நான் செத்தாலும் பரவால்லீங்க."

ஐயா சத்தம் போடவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க வேதத்துல இந்த வழக்கம் இல்ல, எனக்கு முழுசா வெளங்காது. முத்தையாவுக்கு வெளங்கும். ஹட்டன்ல நடந்ததச் சொல்லுங்க முத்தையா." நான் என் கதையைச் சொன்னேன். அத்தை பையைப் போட்ட இடத்தில் இராமையாவுக்குச் சிரிப்பு வந்து உதட்டில் ரத்தம் கசிந்தது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு அவன் முடியாது என்று தலையாட்டினான்.

"ஒங்கப்பா ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தாருண்ணே. எங்கப்பாவுக்கு மூச்சே ஏற மாட்டேங்குது. இந்தக் குளுரு தாங்குவாரான்னு தெரியல. இப்பப் போயி நான் இத எடுத்துட்டுப் போயி அவரு முன்னுக்கு நின்னா..."

எனக்கு அது மூட நம்பிக்கையாகத் தோன்றவில்லை. அந்த பஸ்ஸில் நான் அழுதவன். அந்த மீசை அவன் தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்கிற அடையாளம். அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுக்காவிட்டால் அவன் போய்விடுவான் என்பதும் தெரிந்தது.

ஐயா எழுந்து வெளியே போனார். கொழுந்து லொறி டிரைவரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். கொழுந்து இறக்கிய கையோடு லொறி இராமையாவின் லயம் இருந்த கீழ்ப்பிரிவுக்குப் போய்த் திரும்பியது. முன் ஸீட்டிலிருந்து ஒரு கிழவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இராமையாவின் அப்பா வேலாயுதம். கம்பளிக்குள் எலும்பு மட்டும் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு விசில் அடித்தது. ஐயா அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். கிழவர் மகன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நீ எடுக்கணும்டா. ஒனக்கு நான் எடுக்கிற மாதிரி வச்சிராத."

இராமையா தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி, அந்தப் பெஞ்ச இவனுக்கு நேரா இழுத்துப் போடுங்க" என்றார் கிழவர் என்னிடம். போட்டேன். மகனுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து தடியை நட்டுக்கொண்டார். "நான் இங்கனதான் இருக்கேன். என்னையப் பாத்துக்கிட்டே இரு. இப்ப எடுக்கட்டும்."

ஐயா என் பக்கம் திரும்பினார். "எந்த நம்பருங்க?"

என் கண்ணுக்கு முன்னால் அந்த ஒன்பது வந்து நின்றது. "மொதல்ல நம்பரே வேணாங்கய்யா" என்றேன். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து, ஒட்டியிருந்ததெல்லாம் இளகுகிற வரைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். பிறகு கத்தரிக்கோலால் முடிந்த மட்டும் குட்டையாக வெட்டினேன். சவுக்காரத்தை நுரைத்துப் பிரஷ்ஷால் தடவினேன். புது பிளேடு. "வைக்கிறேன் இராமையா" என்று சொல்லிவிட்டு, புண்ணிலிருந்து தள்ளி, வாயோரத்தில் ஐந்தில் ஆரம்பித்தேன். கனத்த மயிர், நாலில் வைத்திருந்தால் பிடித்து இழுத்திருக்கும். சத்தம் கேட்டது, நின்றது. புண்ணை நெருங்க நெருங்க நம்பரைக் குறைத்தேன். நாலு, மூன்று. கிழிந்த ஓரத்துக்கு வந்ததும் இரண்டு. அதில் ஒரே இழுப்பில் வராது. அரிசி நீளத்துக்கு ஓர் இழுப்பு, கழுவு, மறுபடி ஓர் இழுப்பு. வீங்கிய தோலை விரலால் இழுத்துப் பிடிக்கவும் முடியாது. காற்றை அடைத்துக் கன்னத்தை உப்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வைக்கிறேன் என்று சொன்னேன். அவன் கண்ணை எடுக்காமல் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் ரேசர் சத்தமும் கிழவரின் நெஞ்சு விசிலும்தான். அந்த விசில் கேட்கிற வரைக்கும் எனக்கும் தைரியமாக இருந்தது.

மீசை போனதும் ஐயா புண்ணைத் திறந்து அழுக்கையெல்லாம் எடுத்தார். பழுத்துப்போன புண் என்பதால் தையல் போடவில்லை, மருந்து வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது, காய்ச்சல் இறங்கியது. எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

இராமையா வீட்டுக்குப் போகிற நாளில் கிழவர் மறுபடியும் லொறியில் வந்தார். ஆனால் லயம் தொடங்குகிற இடத்தில் லொறியை நிறுத்தச் சொன்னார். மருந்துப் பையோடு நானும் கூடப் போயிருந்தேன்.

"நடந்து போவோம். நான் முன்னுக்கு, நீ பின்னுக்கு."

"எல்லாருக்கும் தெரியுமேப்பா, ஆஸ்பத்திரியில எடுத்ததுன்னு" என்றான் இராமையா.

"தெரிஞ்சாலும் கண்ணு மொதல்ல ஒதட்டத்தான் பாக்கும். அதுக்கு முந்தி என்னையப் பாக்கட்டும்."

நாலு எட்டு வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். ஒவ்வொரு வீட்டுக் காம்பராவுக்கு முன்னாலும் தண்ணீர் ஓடும் காணோரத்தைத் தடியால் தட்டி, "இந்தா பாரு, இருக்கேன்" என்றார். வாசலுக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி அவசரமாக உள்ளே ஓடி ஒரு டம்ளரில் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அடுத்த வாசலில் தட்டினார். அவருக்குப் பின்னால் இராமையா, வழுவழுவென்ற உதட்டில் பிளாஸ்திரியோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கூச்சப்பட்டுக்கொண்டு போனான்.

அந்தக் குளிரைக் கிழவர் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். அதற்கும் அடுத்த குளிரில்தான் போனார்.

காரியத்தன்று காலையில் எனக்கு ஆள் வந்தது. தோட்டத்துக்கு முடிவெட்டுகிற கோவிந்தன் அனுப்பிய ஆள். ரேசரோடு, தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்கு வரச் சொன்னார். முறைப்படி மழிக்க வேண்டியவர் கோவிந்தன்தான். இராமையாவின் தாடியை எடுத்துவிட்டார், மீசையில் வலது பக்கத்தையும் எடுத்துவிட்டார். நடுவில் அந்தத் தழும்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. மீசைக்குள் வெள்ளைக் கோடு மாதிரித் தெரிகிற தழும்பு. "என் கத்தி இதுல ஏறாதுங்க, ஒதட்டக் கிழிச்சிரும். இது நீங்க எடுத்த எடம்" என்று எழுந்து இடம் விட்டார்.

பீலித் தண்ணீர் ஐஸாக விழுந்துகொண்டிருந்தது. யாரோ வாளியில் வெந்நீர் கொண்டுவந்தார்கள். துணியை நனைத்து வைத்தேன், நுரை தடவினேன், வளையத்தைத் திருப்பி இரண்டில் நிறுத்தினேன். இராமையா கல்லில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே ஈரத்தரைதான் இருந்தது.

"போன தடவ முன்னுக்கு உக்காந்திருந்தாருண்ணே" என்றான்.

நான் ரேசரைக் கீழே வைத்தேன். கோவிந்தனைப் பார்த்தேன். அவர் வந்து, இராமையாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்க அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"வைக்கிறேன் இராமையா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.